ஒரு மூக்குக்கு மட்டும்

குழித்துறைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் என் மருந்துக்கடை.
இடவப்பாதி மழை தகரத்தில் இறங்கும் சாயங்காலம்
அண்டி ஆபீஸ் விட்டு லிற்றில் ஃபிளவர் வருவாள்,
விரல் நுனியெல்லாம்
கொட்டை எண்ணெய் தின்ற கறுப்பு.
"மூக்குச் சொட்டு ஒண்ணு."
இந்த மாதம் ஐந்தாவது.

"மூணு நாளைக்குத்தான்னு எழுதியிருக்கு, பாத்தியா?"
"எழுதினவனுக்கு மூக்கு உண்டுமா?" என்றாள்.
"ராத்திரி வாயால மூச்சு விட்டு
நாக்கு ஒணங்கிப்போவுது. தாருங்க."

தந்தேன்.
தராமல் என்ன செய்ய,
இழுப்பறையில் பில் புத்தகத்துக்கு அடியில்
என் சொந்தப் புட்டி கிடக்கும்போது.
எட்டு வருடம்.
கண்ணாடிச் சட்டத்துக்குள் பி.ஃபார்ம் சான்றிதழ்;
அதன் கீழே நின்றுதான்
அண்ணாந்து விட்டுக்கொள்வேன்.

கல்லூரியில் கோழிக்குடலின் ஒரு துண்டைக்
கண்ணாடிக் குழாயில் கட்டித் தொங்கவிட்டோம்.
ஹிஸ்டமின் ஒரு துளி.
குடல் சுருண்டது,
கரி பூசிய தாளில் முள் ஏறி இறங்கி
வேளிமலையை வரைந்தது.
அதன் உடம்பு எனக்கு மனப்பாடம்:
ஐந்து மூலை வளையம், இரண்டு நைட்ரஜன், ஒரு வால்.
அடுத்த பாடம் இமிடசோலின்.
அதே ஐந்து மூலை,
ஹைட்ரஜன் மட்டும் இரண்டு கூடுதல்.
கல்யாண வீட்டில் பார்த்தால்
சித்தப்பன் மக்கள் என்று சொல்லிவிடலாம்.
ஒருவன் வந்தால் மூக்கு வீங்கும்,
மற்றவன் வந்தால் வற்றும்.

அண்டித்தோல் தூசி ஏறியதும்
உள்ளே செல்கள் பொட்டலம் பிரித்து
ஹிஸ்டமினைக் கொட்டும்.
சொட்டு அதைத் தடுப்பதில்லை.
கொட்டியது கிடக்க,
ரத்தக்குழாய்களை மட்டும் இறுக்கிப் பிடிக்கும்,
கடன்காரன் முற்றத்தில் நிற்கக்
கதவைச் சாத்துகிற மாதிரி.

இன்னொன்றும் செய்யும்.
நரம்பின் முனையில் ஒரு காது இருக்கிறது.
பேச்சிப்பாறை மதகில் நிற்கிற ஆள் போல.
அவன் திறந்துவிட்ட நார்அட்ரினலின்
திரும்பி வந்து "போதும்" என்றால் மதகை இறக்குவான்.
சொட்டுக்கு அந்தக் குரல் அச்சு அசலாக வரும்.
போதும், என்கிறது.
இறக்குகிறான்.
நாளும் இறக்குகிறான்.
சொட்டு தீர்ந்த நடுராத்திரியில்
கடைமடைக்கு ஒரு துளி இல்லை,
மதகில் துரு,
குழாய்கள் ஊதிச் சுவரோடு சுவர் முட்டும்.

அவள் மாப்பிள்ளைக்குப் பிரஷர் மாத்திரை தருவதும் நான்தான்.
அதுவும் அந்தக் குடும்பம்;
மூளைக்குள் போய் அதே "போதும்" சொல்லும்.
மனுஷன் சாயாக்கடை பெஞ்சிலேயே உறங்கிவிடுகிறார்.
திடீரென நிறுத்தக்கூடாது என்று
உறையில் சிவப்பு மையால் எழுதுவேன்.
என் புட்டியில் எதுவும் எழுதவில்லை.

இவ்வளவையும் அவளிடம் சொல்லவில்லை.
சொன்னது இது:
"ஒரு மூக்குக்கு மட்டும் விடு.
மற்றதைப் பட்டினி போடு.
அது தெளிஞ்ச பெறகு இதையும் நிறுத்து."
"பட்டினி எந்த மூக்குக்கு?"
எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி.
"எந்தப் பக்கம் சரிஞ்சு படுப்பே?"
"அவரு கொறட்டைக்கு எதிர்ப்பக்கம்."
"அப்போ மேல நிக்குத மூக்கு."

பத்தொன்பது நாள் ஆளைக் காணோம்.
பிறகு ஐந்நூறுக்குச் சில்லறை கேட்டு வந்தாள்.
"அண்டி வறுக்குத புகை
இவ்வளவு நாத்தமா? சவம்.
பழைய மூக்கே கொள்ளாம்" என்று
சிரித்துக்கொண்டே போனாள்,
சொட்டு வாங்காமல்.

எனக்கு இது ஆறாவது ராத்திரி. இடது மூக்கு.
மூன்று மணி இருக்கும்.
மழை விட்டிருந்தது.
வலது பக்கம் தாராளமாக விசில் அடித்தது;
இடது, கட்டிய சுவர்.
பிறகு சுவரில் எங்கோ நூல் அளவுக்கு
ஒரு கீறல்.
அது வழியே ஆற்றுச் சேறும்
பக்கத்துப் புகைப்புரையில் காயும் ரப்பர் ஷீட்டும்
நாறிக்கொண்டு வந்தன.
எழுந்து உட்கார்ந்தேன்.
நன்றாக நாறியது.

கை மட்டும்
தலையணைக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தது,
வலது மூக்குக்கு.